மாப்பிள்ளை சுட்ட பன்

என் மாமனார் டிரில் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். விசில் போய்விட்டது, குரல் போகவில்லை. கடலூர் ஓல்டு டவுனில் அவர் வீட்டைத் தாண்டி யார் போனாலும் அவரிடம் ஒரு வேலை தயாராக இருக்கும். "டேய், அந்த வண்டிய ஓரமா போடு." "தம்பி, கேட்ட சாத்திட்டுப் போ." பால்காரர், கேபிள்காரர், பக்கத்து வீட்டு வக்கீல், ஒருவரும் தப்ப முடியாது. பெற்ற மகனை விரட்டுவார், கட்டிய மனைவியை விரட்டுவார். அவருடைய மகள், அதாவது என் மனைவி, சிதம்பரத்தில் நர்ஸ். வார்டில் அவள் அதட்டினால் டாக்டரே ஒரு அடி பின்னால் போவார். அவளும் பிறந்த வீட்டுக்குள் கால் வைத்ததும் "தண்ணி கொண்டா" என்ற குரலுக்கு ஓடுவாள்.

என்னிடம் மட்டும் அவர் ஒரு வேலையும் சொன்னதில்லை.

"வாங்க மாப்ள, ஒக்காருங்க." அவ்வளவுதான் பேச்சு. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, தோளில் கிடக்கும் துண்டால் துடைத்து, ஃபேனை என் பக்கம் திருப்பிவிட்டுப் போய்விடுவார். முதல் தட்டு எனக்குத்தான் வரும். டம்ளரைக் கழுவ எழுந்தால் அத்தை ஓடி வந்து பிடுங்கிக்கொள்வார். வெளியே நின்று பார்ப்பவர்கள், ஆகா, மாப்பிள்ளைக்கு என்ன மரியாதை என்பார்கள். மரியாதையாவது மண்ணாங்கட்டியாவது! ஒரு வீட்டில் வேலை சொல்லப்படாத ஆள் அந்த வீட்டு ஆள் இல்லை.

எங்கள் குடும்பம் புவனகிரி பக்கம், நெல்லும் உளுந்தும் போடுகிற குடும்பம். ஆடி வந்தால் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள். அவர்களோ ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர்கள். எங்கள் கல்யாணம் ரெஜிஸ்டர் ஆபீசில், இரண்டு வீட்டாரும் இல்லாமல் நடந்தது. மகள் பிறந்த பிறகுதான் கடலூர் வீட்டுக் கதவு திறந்தது. பேத்தியை வாரித் தோளில் போட்டுக்கொண்டார்கள், எனக்கு நாற்காலி போட்டார்கள். வருஷங்கள் ஓடின. நான் அந்த நாற்காலியிலேயே இருந்தேன். சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், எனக்கு அது வலித்தது.

அந்த வீட்டில் கிறிஸ்துமஸ் மதியத்துக்கு ஆட்டுக்கறிக் குழம்பும் பன்னும் கட்டாயம். பிரியாணி இருக்கும், அது மற்றவர்களுக்கு. மாமனாருக்குப் பன்னைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்துத் தின்றால்தான் பண்டிகை. போன கிறிஸ்துமஸுக்குக் கடையிலிருந்து வந்த பன்னில் சர்க்கரை தூக்கலாக இருந்தது. போதாக்குறைக்கு உள்ளே சிவப்பும் பச்சையுமாக டூட்டி ஃப்ரூட்டி. மாமனார் ஒரு வாய் வைத்தார், முகம் சுருங்கியது.

"கறிக்கொழம்புக்கு எவனாவது டூட்டி ஃப்ரூட்டி போடுவானா?" என்று தட்டைத் தள்ளினார்.

என் வாய் சும்மா இருக்கவில்லை. "அடுத்த வருசம் நான் சுட்டு எடுத்தாறேன் மாமா" என்றேன்.

மச்சான், என் மனைவியின் தம்பி, கொல்லென்று சிரித்தான். அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. "ஒங்களுக்கு ஏன் மாப்ள சிரமம்?" என்றார்.

சிரமம்! அந்த ஒரு வார்த்தை சிதம்பரம் வரும்வரை என் காதில் குடைந்துகொண்டே வந்தது. பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன். சுடுகிறேன். அந்த மனுஷன் என் கையால் சுட்ட பன்னைத் தின்ன வேண்டும்.

எனக்கு சிதம்பரத்தில் பம்ப்செட் ரிப்பேர் கடை. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்துக் காயில் சுற்றி மறுபடி ஓடவைக்கிற கை, கொஞ்சம் மைதாவுக்குப் பயப்படுமா என்று நினைத்தேன். பயப்படத்தான் வேண்டியிருந்தது. ஒரு சின்ன கரன்ட் ஓவனும் ஈஸ்ட் பாக்கெட்டும் வாங்கினேன். மாவைப் பிசைந்து மூடி ராத்திரி முழுக்க வைத்துவிட்டேன். மாவு என்றால் ராத்திரி புளிக்க வேண்டும், காலையில் பொங்கியிருக்க வேண்டும். பிறந்ததிலிருந்து இட்லி தின்று வளர்ந்தவனுக்கு வேறென்ன தெரியும்?

"ஒரு மணி நேரம் போதும்னு வீடியோவுல சொல்றாங்க" என்றாள் மனைவி.

"ஒரு மணி நேரத்துல எந்த ஊர்ல மாவு பொங்கும்? போடி, வேலையப் பாரு."

காலையில் மூடியைத் திறந்தால் கள்ளுக்கடை வாசம். பொங்கிப் பொங்கி ஓய்ந்து தொப்பென்று உட்கார்ந்திருந்தது மாவு. விடுவேனா? அதையே சுட்டேன். வந்ததைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "கதவுக்கு முட்டுக் குடுக்க ஆகும்" என்றாள் மனைவி. மகள் ஒன்றைத் தரையில் உருட்டி விளையாடினாள்.

அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் பிசைந்தேன். ஒரு ஞாயிறு கருகியது, ஒரு ஞாயிறு உள்ளே வேகவில்லை, ஒரு ஞாயிறு உப்புப் போட மறந்தேன். கடைக்கு வரும் விவசாயிகளுக்கு டீயோடு பன் கொடுத்தேன். பாவம், மோட்டார் என் கையில் இருந்ததால் தின்றார்கள். ஐப்பசி மழை பிடிக்கும் நேரத்தில் ஒருநாள் பன் தானாக மேலே எழும்பி, மேல்தோல் பொன்னிறமாகி, பிய்த்தால் நூல்நூலாக வந்தது. மனைவி ஒன்றைத் தின்றுவிட்டு இரண்டாவதை எடுத்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளே மனைவியும் மகளும் கடலூர் போய்விட்டார்கள். விடிகாலையில் மாவு பிசைந்து, சுட்டு, சூட்டோடு முதல் பஸ் பிடிப்பது என் திட்டம். பிசைந்து முடித்துக் கையைக் கழுவுகிறேன், கரன்ட் போய்விட்டது. வெளியே நல்ல மழை. ஈ.பி. ஆபீசில் கேட்டால், எங்கோ கம்பத்தில் மரம் சாய்ந்திருக்கிறது, எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். மனைவிக்கு போன் போட்டேன்.

"பரவால்லங்க, வெறுங்கையோட வாங்க. இங்க கடையில வாங்கிக்கலாம்" என்றாள்.

"கடை பன்னு அந்த வீட்டுக்குள்ள வந்துச்சு, நான் வரமாட்டேன். சொல்லிட்டேன்" என்று போனை வைத்தேன்.

மாவாகவே கொண்டுபோய் அங்கே சுட்டுவிடுவது என்று, வீட்டில் இருந்ததிலேயே பெரிய எவர்சில்வர் அடுக்கில் மாவைப் போட்டு மூடினேன். மார்கழிக் குளிரில் மாவு பொங்காது என்று எங்கள் வீட்டில் இட்லி மாவுக்குக் கம்பளி சுற்றி வைப்பார்கள். நானும் கை போன போக்கில் ஒரு கம்பளியை எடுத்து அடுக்கைச் சுற்றி இறுகக் கட்டினேன். அங்கேதான் புத்தி வேலை செய்யவில்லை. இட்லி மாவுக்கு ராத்திரி முழுக்க நேரம் உண்டு, ஈஸ்ட் போட்ட மாவுக்கு அந்தப் பொறுமை ஏது?

பஸ்ஸில் பண்டிகைக் கூட்டம். கால் வைக்க இடமில்லை. டிரைவர் பக்கத்தில், இன்ஜின் மேல்மூடியை ஒட்டி மட்டும் கொஞ்சம் இடம் கிடைத்தது. அதன் மேல் அடுக்கை வைத்து அணைத்துக்கொண்டு நின்றேன். கீழே இன்ஜின் சூடு, சுற்றிலும் கம்பளி. புதுச்சத்திரம் தாண்டுகிறது, கம்பளிக்குள்ளே ஏதோ அசைந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூடி மெல்ல மெல்ல மேலே எழும்பியது.

"இன்னா சார் உள்ள? கோழியா?" என்றார் கண்டக்டர். "அதுக்கும் டிக்கெட்டு உண்டு."

"மாவுங்க."

"மாவு எதுக்கு சார் எட்டிப் பாக்குது?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா மட்டும் பதறினார். "அட, வழிஞ்சிடப் போவுதுப்பா! கைய வுட்டு அமுக்கு!"

அவர் இட்லி மாவு என்றுதான் நினைத்திருப்பார். ஆனால் சொன்னது சரி. யாரோ கொடுத்த தண்ணீர் பாட்டிலில் கையைக் கழுவிக்கொண்டு, முஷ்டியை மடக்கி மாவுக்குள் இறக்கினேன். புஸ்ஸென்று அடங்கியது. கம்பளியை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, கடலூர் வரும்வரை பொங்கப் பொங்க அமுக்கிக்கொண்டே நின்றேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது கோயிலுக்குப் போனவர்கள் திரும்பியிருந்தார்கள். மழை விட்டிருந்தது. மாமனார் வெள்ளை வேட்டியில் வாசலில் நின்றார். "வாங்க மாப்ள, ஒக்காருங்க." நாற்காலி வந்தது. துண்டால் துடைத்தார்.

நான் உட்காரவில்லை. அடுக்கோடு நேரே சமையலறைக்குள் போனேன். அந்த வாசற்படியை அன்றைக்குத்தான் முதல்முதலாகத் தாண்டினேன். அத்தை கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

"அத்த, அடுப்பு வேணும்."

"ரெண்டுலயும் கறி வேவுதே மாப்ள! நீங்க போய் ஒக்காருங்க, நாங்க பாத்துக்கறோம்."

"ஒக்காந்து ஒக்காந்து காலு மரத்துப் போச்சு அத்த. பிரியாணி அண்டா எங்க இருக்கு?"

என் குரல் உயர்ந்துவிட்டது. மனைவி எட்டிப் பார்த்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு பரணில் சும்மா கிடந்த பழைய அண்டாவை இறக்கிக் கொடுத்தாள். பின்பக்கம் தோட்டத்தில் வெந்நீர் போடுகிற செங்கல் அடுப்பு இருந்தது. அண்டாவின் அடியில் கல்லுப்பைக் கொட்டி, மேலே ஒரு சின்ன இரும்பு முக்காலி வைத்து, மாவை உருட்டித் தட்டில் அடுக்கி உள்ளே இறக்கி மூடினேன். அடியில் விறகு. மூடியின் மேல் கொட்டாங்குச்சிக் கங்கு. தம் பிரியாணி போடுகிற மாதிரிதான். புகையில் கண் எரிந்தது. மச்சான் மூக்கைப் பிடித்துக்கொண்டு கொட்டாங்குச்சி பொறுக்கிக் கொடுத்தான்.

மாமனார் பின்வாசலில் வந்து நின்றார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு அடுப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். விறகைத் தள்ளு, கங்கைப் பரப்பு என்று சொல்ல அவருக்கு நாக்கு துடித்தது நன்றாகத் தெரிந்தது. மகனைப் பார்த்து வாயைத் திறப்பார், என்னைப் பார்த்ததும் மூடிக்கொள்வார். எனக்கு அது ஆத்திரமாக வந்தது. திட்டித் தொலைக்கலாமே மனுஷன்!

அப்போதுதான் மறுபடி மழை. பெரிய பெரிய துளியாக, சடசடவென்று. கங்கின் மேல் விழுந்து உஸ்ஸென்று புகைந்தது. அடுப்பு அணைந்தால் பன் பாதி வேக்காட்டில் நின்றுவிடும், பிறகு கடைக்குத்தான் ஆள் அனுப்ப வேண்டும். மச்சான் குடை எடுக்க உள்ளே ஓடினான். நான் உடம்பை வளைத்து அண்டாவுக்கு மறைப்புக் கொடுத்தேன். முதுகு நனைகிறது. சுவரோரம் ஒரு பழைய தகரம் சாய்ந்து கிடந்தது, அதற்குப் பக்கத்தில் மாமனார் கை கட்டி நின்றார்.

"மாமா! சும்மா நின்னு வேடிக்க பாக்காதீங்க! அந்தத் தகரத்தத் தூக்கி இப்படிப் பிடிங்க!"

கத்திய பிறகுதான் யாரிடம் கத்தினேன் என்று உறைத்தது. சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. மனைவி ஜன்னல் வழியாக என்னையே பார்த்தாள். அந்த வீட்டில் அவருக்கு வேலை சொன்ன ஆள் அதுவரை பிறக்கவில்லை.

மாமனார் என்னை ஒரு பார்வை பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். தகரத்தைத் தூக்கி அடுப்புக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார். தகரத்தின் ஓரம் வழிந்த தண்ணீர் அவர் வெள்ளைச் சட்டைக்குள் இறங்கியது. அவர் அசையவில்லை. கங்கு பிழைத்துக்கொண்டது.

முதல் தட்டுக்கு அடி கருகிவிட்டது. இரண்டாவது தட்டு வந்தபோது மழை தூறலாகியிருந்தது, மூடியைத் திறந்ததும் வாசம் வீட்டுக்குள் போனது. மகள் ஓடி வந்து, "அப்பா, இது உருட்டுற பன்னா, திங்கிற பன்னா?" என்றாள்.

துடைத்துக்கொண்டு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். ஜெபம் முடிந்தது. மாமனார் ஒரு பன்னை எடுத்தார், பிய்த்தார், குழம்பில் தோய்த்து வாயில் போட்டார். நான் அவர் வாயையே பார்த்தேன். இன்னொன்று எடுத்தார். பிறகு அடி கருகினதில் ஒன்றை எடுத்து, கருகலைச் சுரண்டிவிட்டு அதையும் தின்றார். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை வாயிலிருந்து வரவில்லை. சரி, அவ்வளவுதான் போல என்று நினைத்துக்கொண்டேன். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, வேறு போக்கில்லாமல் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். உடம்பெல்லாம் வலித்தது. வெளியே மழை மறுபடி வலுத்தது.

மாமனார் பின்வாசல் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். என் முன்னால் நின்றார்.

"இன்னா, ஒக்காந்துட்ட?" என்றார். தெருவே கேட்கிற குரல். "அண்டாவும் தகரமும் மழையில கெடக்குது. எவன் எடுத்து வைப்பான்? எழுந்திரு!"

அத்தை பதறிப் போனார். "என்னங்க இது, மாப்ளயப் போயி..."

"நீ சும்மா இரு. டேய், ஒன்னத்தான். ஓடு!"

ஓடினேன்.