வயதைக் காரணமாக எழுத முடியாதாம்

அல்ஹம்துலில்லாஹ்! நாங்கள் ஊருக்குப் போகவில்லை. சவூதியில், யான்புவிலேயேதான் இருக்கிறோம்.

என் வீட்டுக்காரருக்கு ஐம்பத்தேழு வயது. புதிதாக வந்த மேனேஜர், "வயசானவங்களுக்கு இனி காண்ட்ராக்ட் கிடையாது" என்று சொன்னதிலிருந்து வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. மகளுக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு பாக்கி.

இன்று எச்.ஆரில் கூப்பிட்டார்கள். கிளம்பும் முன் முடிக்கு டை அடிக்கப் போனார்.

"மச்சான், கறுப்புச் சாயம் மார்க்கத்துல கூடாது. வேணும்னா மருதாணி வைங்க" என்றேன்.

"வேலை போகப்போகுது, உனக்கு மார்க்கம்தான் முக்கியம்!" என்று முறைத்தாலும், மருதாணித் தலையோடுதான் போனார்.

எச்.ஆரில் இருக்கிற சவூதிக்காரர் தலையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இந்தியில் சொன்னாராம்:

"பாய், உங்களை அனுப்ப வயசைக் காரணமா எழுதச் சொன்னாங்க. வயசை வச்சுப் பாகுபாடு பண்ணக்கூடாதுன்னு எங்க தொழிலாளர் சட்டத்துலயே இருக்கு, எழுத மாட்டேன்னுட்டேன். வேற காரணம் சொல்லுங்கன்னேன். மாஃபி, ஒண்ணுமே இல்லை! கலாஸ், விஷயம் முடிஞ்சுது, புது காண்ட்ராக்ட்ல கையெழுத்துப் போடுங்க."

வீட்டுக்கு வந்து இவர் இதைச் சொன்னதும் நான் அப்படியே நெற்றியைத் தரையில் வைத்து ஸஜ்தாவில் விழுந்தேன்.

ஒரே ஒரு சிக்கல். எப்படியும் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்து, வாஷிங் மெஷினைப் பக்கத்து ஃபிளாட்டில் அக்கா மாதிரி இருக்கும் ராத்தாவுக்குப் பாதி விலைக்குக் கொடுத்து, பணத்தை வீட்டுக் கணக்கில் வரவும் வைத்துவிட்டேன். மனம் நோகாமல் திருப்பிக் கேட்பது எப்படி? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

அந்த ராத்தாவும் நம் குழுவில் இதைப் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.