உச்சிவெயிலில் பெண் பார்த்தார்கள்

ஆந்திர எல்லையில் எங்கள் பக்கம் பெண் பார்ப்பதைக் கோயிலில் வைத்துக்கொள்வார்கள். ஒத்துவராவிட்டால், சாமி கும்பிடத்தான் வந்தோம் என்று இரண்டு வீட்டாரும் கலைந்துவிடலாம். என்னைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் புத்தூர் தாண்டி ஒரு கோயிலுக்கு வரச் சொன்னார்கள். மே மாதம், பகல் பன்னிரண்டு மணி. அவர்கள் நேரம் குறித்த அழகு அப்படி. செருப்பு திருடுபோகும் என்று என் அப்பா, அதாவது நைனா, எல்லார் செருப்பையும் காரிலேயே விடச் சொல்லிவிட்டார்.

மாப்பிள்ளை திருப்பதியில் ஒரு கோச்சிங் சென்டரில் பிசிக்ஸ் சொல்லித்தருபவர். குளத்துப் படியில் குடை பிடித்து உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் விட்டிருந்தார். பெண்ணை நடக்கவிட்டு, காலில் குறை உண்டா என்று பார்ப்பது வழக்கம். ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

"அந்தக் கொடிமரத்தாண்ட போயி குங்குமம் எடுத்துக்கினு வாம்மா" என்றார் அவருடைய அம்மா.

கொடிமரம் வரைக்கும் கருங்கல் தளம். மூன்றாவது அடியிலேயே எனக்கு உயிர் போனது. குதிகால் ஊன்றாமல், நொண்டியடித்துக்கொண்டே போய்த் திரும்பினேன். நைனாவுக்கு முகம் செத்துவிட்டது.

அப்போதுதான் மாப்பிள்ளை வாயைத் திறந்தார். "ஒரே வெயிலுதாங்க. ஆனா கல்லுல சூடு மேலாக்க தங்கிடும். தண்ணியில வெயிலு ஆழமா எறங்கும், கலந்துக்கினே இருக்கும், கொஞ்சம் ஆவியாவும் போயிடும். ஒரே எடை கல்லையும் தண்ணியையும் ஒரு டிகிரி ஏத்தணும்னா, தண்ணிக்கு அஞ்சு மடங்கு சூடு வேணும்."

பாடம் நன்றாகத்தான் இருந்தது. இவ்வளவு தெரிந்த மனுஷனுக்கு, "கல்லு சுடும், வேணாம்மா" என்று ஒரு வார்த்தை சொல்ல நாக்கு எழவில்லை. காலைத் தண்ணீரிலிருந்து எடுக்கவும் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் அந்த அம்மா போன் செய்தார். "பொண்ணுக்குக் கால்ல ஏதோ குறையாமே?" அவரே பார்த்துவிட்டு, யாரோ சொன்னதுபோல் கேட்டார். இந்தப் பேச்சு பரவினால் அடுத்த வரன் எங்கள் வாசலை மிதிக்காது. நைனா போனைப் பொத்திக்கொண்டு என்னிடம் கெஞ்சினார்.

"சாயங்காலமா, தரை ஆறினதும், இன்னொரு வாட்டி நடந்து காட்டிடலாமாம்மா?"

"நான் நடந்தாச்சு நைனா. இப்ப அவரு நடக்கட்டும். அதே கல்லு, அதே பன்னெண்டு மணி. நான் தண்ணியில காலை உட்டுக்கினு பாக்கறேன்."

நைனா என் பாதத்துக் கொப்புளத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இரண்டு வீடும் தமிழ்தான். ஆனால் கௌரவமாகப் பேச வேண்டுமென்றால் எங்கள் ஆட்கள் தெலுங்குக்குத் தாவிவிடுவார்கள். போனிலிருந்து கையை எடுத்து, நைனாவும் தாவினார்.

"மொதட மீ அப்பாயி நடவாலண்டி" என்றார். முதலில் உங்கள் பையன் நடக்க வேண்டுமுங்க என்று, அத்தனை மரியாதையாக.