எதிர் டீமுக்குக் குரல் கொடுத்த எத்திராஜ் அண்ணன்

எத்திராஜ் அண்ணன் போய்விட்டார்.

நேற்று காலை டூட்டிக்குக் கிளம்பும்போது நெஞ்சு வலி... ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. வாட்ஸப்பில் மெசேஜ் வந்தபோது நான் தறியில் இருந்தேன். அதற்கு மேல் கை ஓடவில்லை.

மாகறல் பஸ் கண்டக்டர் என்றால் பாதி ஊருக்கு அவரைத் தெரியும். ஃபுட்பால் கிரவுண்டில் சின்ன காஞ்சிபுரம் டீமுக்குக் கத்துகிறவர் என்றால் மீதிப் பாதிக்கும் தெரியும்.

நான் பிள்ளையார்பாளையம் டீமுக்குக் கத்துகிற ஆள். அதாவது எதிரி. பதினோரு வருஷத்து எதிரி.

காஞ்சிபுரத்தில் ஃபுட்பாலா என்று கேட்கிற நண்பர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள். காது வலித்தால் நான் பொறுப்பில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமையும் எங்கள் இரண்டு டீமுக்கும் மேட்ச் இருக்கிறது. அந்தப் பக்கம் குரல் கொடுக்க ஆள் இல்லை. நேற்றிலிருந்து மனசு இதையேதான் சுற்றிச் சுற்றி வருகிறது.

பஸ் படிக்கட்டில் தொங்குகிறவர்களைப் பார்த்து அண்ணன் ஒரு ராகத்தில் சொல்வார். "உள்ள போ... உள்ள போ... உள்ள எடம் இருக்குது."

அதையே கிரவுண்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். அவர்கள் டீம் பந்தோடு கோல் பக்கம் போனால் போதும், அண்ணன் எழுந்து "உள்ள போ, உள்ள போ" என்பார். மொத்தக் கூட்டமும் "உள்ள எடம் இருக்குது" என்று திருப்பிக் கத்தும். எங்கள் கோல்கீப்பர் பாவம், பாதி மேட்ச் காதைப் பொத்திக்கொண்டே நிற்பான்.

எங்களுக்குப் பொறாமை. உண்மையைச் சொல்கிறேன், வயிறு எரிந்தது. எங்களிடம் இருந்தது தறி ஓடுகிற தாளத்தில் ஒரு கைத்தட்டு, அவ்வளவுதான்.

ஒரு மேட்சில் திருடிவிட்டோம். அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன் நாங்கள் அதே பாட்டைக் கத்திவிட்டோம்... நான்தான் ஆரம்பித்தேன்.

அந்தப் பக்கத்துப் பசங்க சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு அண்ணன் முன்னால் வந்தார். இன்றைக்கு அடி நிச்சயம் என்று நினைத்தேன்.

"பாட்டு எங்களுது. ஆனா உங்க வாய்லயும் நல்லாதான்பா இருக்குது" என்றார்.

அன்றைக்கு அவர் பேசி முடித்ததுதான் இன்று வரை வழக்கம். கேப்டன்கள் டாஸ் போட்ட பிறகு நாங்களும் தனியாக ஒரு டாஸ் போடுவோம். ஜெயித்தவர்களுக்கு முதல் பாதியில் பாட்டு, தோற்றவர்களுக்குக் கைத்தட்டு மட்டும். இடைவேளையில் டீம்கள் பக்கம் மாறும்போது நாங்கள் பாட்டையும் கைத்தட்டையும் மாற்றிக்கொள்வோம்.

வேறு ஊரில் இப்படி உண்டா? இருந்தால் கமெண்ட்டில் சொல்லுங்கள், நம்புவதா வேண்டாமா என்று பிறகு பார்க்கலாம்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஃபைனல்... முதல் பாதி பாட்டு அவர்களுடையது. இடைவேளைக்குக் கொஞ்ச நேரம் முன்பு எங்கள் டீம் கோல் போட்டுவிட்டது.

கோல் எங்களுடையது. பாட்டு எங்களுடையது இல்லை! கை சிவக்கத் தட்டினோம். ஆனால் கோல் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அண்ணன் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று எழுந்து, எங்கள் பக்கம் கையை நீட்டி, "உள்ள போ, உள்ள போ" என்று ஆரம்பித்துவிட்டார்.

நாங்கள் வாயைத் திறப்பதற்குள் அவருடைய ஆட்களே பழக்க தோஷத்தில் "உள்ள எடம் இருக்குது" என்று கத்திவிட்டார்கள். தங்களுக்கு விழுந்த கோலுக்குத் தாங்களே! கத்தி முடித்த பிறகுதான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள்.

அவர்களுடைய கோல்கீப்பர் முரளி, அண்ணனுக்கு அக்கா மகன். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு திரும்பி, நீ யார் பக்கம் மாமா என்று கேட்டான்.

"கோல் போட்டவன் வாய மூடிக்கினு ஒக்காந்துக்கினு இருக்கறான்டா. பாக்க முடியல."

ரெஃப்ரி விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். கிரவுண்டே சிரித்தது. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு வலிக்கிறது...

அவருடைய க்ளப்பில் இதைச் சும்மா விடவில்லை. இரண்டு மேட்சுக்கு அவரைக் கடைசி வரிசையில் உட்காரவைத்தார்கள். நிறைந்த பஸ்ஸில் முன் சீட்டு வரை கேட்கிற குரல், கடைசி வரிசையெல்லாம் ஒரு தண்டனையா?

இன்று காலை அவர் வீட்டுக்கு எங்கள் பக்கத்திலிருந்து நாலு பேர் போனோம். முரளி வாசலில் சேர் போட்டுக்கொண்டிருந்தான். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை டாஸ் வேண்டாம், பாட்டை இரண்டு பாதியும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு எடுத்துக்கொடுக்க ஆள் இல்லை என்றான்.

நான் முடியாது என்றேன். இரண்டு பாதியும் உங்களுக்குத்தான் என்றேன். அவன் வேண்டாம் என்கிறான், நான் எடுத்துக்கொள் என்கிறேன்... இரண்டு பேருக்கும் குரல் ஏறிவிட்டது. சாவு வீடு என்பதே மறந்துபோயிற்று.

அண்ணி உள்ளே இருந்து எழுந்து வந்தார். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"இங்கயும் சண்டையாபா?" என்றார். கேட்டுவிட்டு அவரே லேசாகச் சிரித்துவிட்டார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு முரளியிடம் சொன்னேன். "மொத பாதி பாட்டு உங்களுது. நான் உங்க பக்கம் வந்து ஒக்காந்து குரல் குடுக்கறேன்."

"உங்க ஆளுங்க உட மாட்டாங்கண்ணா."

விட மாட்டார்கள்தான். இதைப் படித்துவிட்டு இந்நேரம் ஃபோனை எடுத்திருப்பார்கள். திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளுங்கள், கடைசி வரிசையில் உட்காரவைப்பதானாலும் சரி.

போய் வாங்கண்ணே. ஞாயிற்றுக்கிழமை முதல் பாதி முழுக்க உங்கள் டீமுக்குத் தொண்டை கிழியக் கத்துகிறேன்.

மேட்ச் மட்டும் நாங்கள்தான் ஜெயிப்போம்.