மாயக்காளின் இரண்டாவது படம்

இது நடந்தது. குலசாமி மேல் சத்தியம் செய்யலாம்தான். ஆனால் அன்றைக்கு நான் சொன்ன பொய்க்குப் பிறகு என் சத்தியத்துக்கு என்ன மரியாதை இருக்கும் என்று எனக்கே தெரியவில்லை. அதனால் சத்தியம் எல்லாம் வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

பேய்க் கதை என்றதும் நடுராத்திரி, நாய் ஊளை, அமாவாசை என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில். மதுரை கே.கே. நகரில், மண்டையைப் பிளக்கும் உச்சிவெயிலில். "உச்சி நேரத்துல ஒத்தையில இருக்காதடா" என்று அம்மா சொல்லும்போதெல்லாம் கேலி செய்தவன் நான். இப்போது செய்வதில்லை.

என் பெயர் அழகுராஜா. கிளினிக்குகளுக்கும் லேப்புகளுக்கும் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுப்பது தொழில். கே.கே. நகரில் ஒரு ஸ்கேன் சென்டர் எனக்கு ஆறு வருட வாடிக்கை. பெயர் வேண்டாம். அங்கே பின்பக்க அறையில் ஒரு சர்வர். அதில் நான்கு ஹார்ட் டிஸ்க். நான்கையும் சேர்த்து மேய்க்க ஒரு மென்பொருள். எதை எந்த டிஸ்க்கில் வைப்பது, எது நிரம்பிவிட்டது, எது பழுது என்று எல்லாம் அதுதான் பார்த்துக்கொள்ளும். அந்த மென்பொருளில் ஏதோ கோளாறு என்று, அதைச் சரிசெய்ய கம்பெனி ஒரு பேட்ச் அனுப்பியிருந்தது. அதைப் போடச் சர்வரை நிறுத்த வேண்டும். வருடம் முழுக்க ஓயாத இடம். நிறுத்துவதற்கு டாக்டர் சம்மதித்த ஒரே நாள் ஆயுத பூஜை.

பூஜை காலை பத்து மணிக்கே முடிந்துவிட்டது. ஸ்கேன் மிஷினுக்குச் சந்தனம், குங்குமம். சர்வருக்கு விபூதிப் பட்டை. வரவேற்பு மேசைக் கம்ப்யூட்டருக்கும் அதன் மேல் இருந்த சின்னக் கேமராவுக்கும் சேர்த்து ஒரு செவ்வந்தி மாலை. பதிவு செய்ய வரும் நோயாளிகளை எதிரே நாற்காலியில் உட்கார வைத்து முகத்தைப் படம் எடுக்கும் கேமரா அது. எல்லாரும் பொரிகடலைப் பொட்டலத்தோடு கிளம்பினார்கள். வரவேற்பில் வேலை பார்க்கும் சத்யப்ரியா மட்டும் வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

"அண்ணே, சாமி கும்பிட்டு வச்ச மிஷின இன்னைக்குத் தொடலாமாண்ணே?"

"நீ போய் சுண்டலத் தின்னுட்டுத் தூங்கு. சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்."

"அதுக்கில்லண்ணே. முதல்ல அந்தச் சோழவந்தான் அம்மா படத்த எடுத்து வச்சிருங்க. பதிவு நம்பர் அனுப்பியிருக்கேன். அந்தப் புள்ள பாவம்."

சோழவந்தான் அம்மா என்றால் மாயக்காள். அங்கே வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் குடும்பம். மூன்று வாரத்துக்கு முன்னால் ஸ்கேன் எடுக்க வந்தார். அடுத்த வாரமே இறந்துவிட்டார். நாளை மறுநாள் கருமாதி, அன்றைக்கே படத்திறப்பு. திறப்பதற்குத்தான் படம் இல்லை. படம் எடுக்கப் போனாலே முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ளும் ஆளாம். ஆதார் அட்டையில் இருக்கும் படத்தைக் காட்டினால் அது யார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. ஆனால் எங்கள் வரவேற்பில் "சிரிங்கம்மா" என்று சத்யப்ரியா சொன்னதும் ஏனோ சிரித்துவிட்டார். மகள் பாண்டிச்செல்வி பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். அம்மா சிரித்த ஒரே படம். அது எங்கள் சர்வரில் மட்டும்தான் இருந்தது.

"சரி சரி, எடுத்து வைக்கிறேன்" என்றேன். வைக்கவில்லை.

பேட்ச் போடுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் ஒரு நகல் எடுக்க வேண்டும். இந்தத் தொழிலில் அது அனா ஆவன்னா. மூன்று மணி நேரம் பிடிக்கும். பசுமலையில் என் மச்சான் புதுக் கார் வாங்கிப் பூஜை போட்டிருந்தான். வடை பாயசத்தோடு சாப்பாடு. போன மாத நகல்தான் இருக்கிறதே, என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். வரவேற்பில் இருந்த, குழாய் வைத்த தண்ணீர் கேனைச் சாய்த்து, கடைசிச் சொட்டுவரை என் பாட்டிலில் பிடித்துக்கொண்டேன். வரவேற்புக் கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கினேன். வாட்ச்மேன் தவசி அண்ணன் வெளியிலிருந்து ஷட்டரை இறக்கிப் பூட்டிக்கொண்டார். உள்ளே நான் மட்டும்.

பேட்ச் ஏறியது. சர்வர் மறுபடி எழுந்தது. ஸ்கேன்கள் இருக்கும் பகுதி வந்தது. முகப்படங்கள் இருக்கும் பகுதி வரவில்லை. பழுது என்று காட்டி, புதிதாக அமைக்கவா என்று கேட்டது திரை. கீழே இன்னும் நாலு வரி எச்சரிக்கை இருந்தது. நான் படிக்கவில்லை. மனசெல்லாம் வடையில் இருந்தது. ஆம் என்று அழுத்தினேன்.

புதிதாக அமைத்துவிட்டது. கழுவி வைத்த சிலேட்டு மாதிரி.

வியர்த்துவிட்டது எனக்கு. அவசர அவசரமாகப் பேட்சைக் கழற்றினேன். சர்வர் பழைய நிலைக்கு வந்தது. ஸ்கேன்கள் பத்திரம். முகப்படங்களைப் போன மாத நகலிலிருந்து திருப்பிப் போட்டேன். இந்த மாதப் படங்கள் மட்டும் போயே போய்விட்டன. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று பெருமூச்சு விட்டேன். பதிவுப் படத்தை யார் கேட்கப் போகிறார்கள்?

அப்போது போன் அடித்தது.

"அண்ணே, பாண்டிச்செல்வி பேசுறேன். சோழவந்தான். சத்யாக்கா நம்பர் குடுத்துச்சு. அம்மா படத்த எடுத்துட்டீங்களா?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அழிந்துவிட்டதம்மா, என் தப்புதான் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? டாக்டர் காதுக்குப் போகும், வாடிக்கை போகும் என்று பயம். நாக்கூசாமல் சொன்னேன்.

"உங்க அம்மாவுக்குப் படமே எடுக்கலம்மா. அன்னைக்குக் கேமரா ரிப்பேரு."

"இல்லண்ணே... நான் பக்கத்துலதான நின்னேன். அம்மா சிரிச்சுச்சு."

"வேற ஆஸ்பத்திரியா இருக்கும். நல்லா யோசிச்சுப் பாரு."

"சரிண்ணே. எனக்குத்தான் புத்தி கொழம்பிருச்சு போல."

வைத்துவிட்டாள். தாயைப் பறிகொடுத்த பெண்ணை, அவள் கண்ணால் கண்டதையே சந்தேகப்பட வைத்தேன். அணைந்திருந்த இன்னொரு திரையில் என் முகம் தெரிந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். மணி 12.07.

டக்...

வரவேற்பில் ஏதோ சத்தம். காதைத் தீட்டினேன்.

டக்... டக்...

"தவசி அண்ணே?"

அவர் வந்திருந்தால் ஷட்டர் சத்தம் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். பல்லி ஏதாவது இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்து, நாற்காலி தரையில் இழுபடும் சத்தம். கிறீச்...

சர்வர் திரையைப் பார்த்தேன். இந்த மாதத்து ஃபோல்டர் காலியாக இருந்தது, அல்லவா? அதில் இப்போது ஒரு படம் இருந்தது.

திறந்தேன். ஒரே மஞ்சள் மங்கல். உற்றுப் பார்த்ததும் தெரிந்தது, செவ்வந்தி இதழ்கள். மாலை தொங்கும் அந்தக் கேமரா இப்போது படம் எடுத்தால் இப்படித்தான் வரும். ஆனால் அதன் பிளக்கைப் பிடுங்கியவன் நான்.

இரண்டாவது படம் வந்தது. பூவைக் காணோம். காலி நாற்காலி. பின்சுவரில் கடிகாரம். அதில் 12.11.

போனைப் பார்த்தேன். 12.11.

எழுந்து போய்ப் பார்த்திருக்கலாம். கால் வரவில்லை. வெளியே போக வரவேற்பைத் தாண்டித்தான் போக வேண்டும்.

மூன்றாவது படம். நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். மாம்பழ மஞ்சளில் சேலை. மடியில் இரண்டு கை. கழுத்துக்கு மேலே படத்தில் விழவில்லை.

நான்காவது.

முகம்... முந்தானையால் மூடியிருந்தது.

ஏசி ஓடுகிறது. என் சட்டை நனைந்துவிட்டது.

ஐந்தாவது.

சிரிப்பு.

வெட்கப்பட்ட, சின்னச் சிரிப்பு. வாயோரத்தில் வெள்ளையாக ஒரு பொட்டு. வெற்றிலைக்காரர்கள், சுண்ணாம்பாக இருக்கும் என்று நினைத்தேன். அந்த நேரத்திலும் புத்தி அப்படித்தான் ஓடியது.

படத்தின் கீழே பதிவு எண். சத்யப்ரியா அனுப்பிய அதே எண்.

"எடுத்தாச்சா தம்பி?"

சுவருக்கு அந்தப்பக்கம். அதட்டல் இல்லை. பயமுறுத்தும் குரலும் இல்லை. வரிசையில் காத்திருந்து களைத்த ஒருவர் கேட்கும் குரல்.

"எடுத்தாச்சும்மா..."

என் வாய்தான் சொன்னது. நான் சொல்லச் சொல்லவில்லை.

கிறீச்...

டக்... டக்... டக்...

பிறகு ஒன்றும் இல்லை.

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேனோ. கண்ணை இறுக்கிக்கொண்டு ஓடினேன். மேசையில் இடித்து நின்றபோது கண் திறந்துவிட்டது. கேமராவில் இருந்த மாலையைக் கழற்றி, பூ உதிராமல், மேசை ஓரத்தில் வட்டமாகச் சுற்றி வைத்திருந்தது. நாற்காலியில் வெள்ளை வெள்ளையாக ஏதோ சிதறிக் கிடந்தது. காலையில் சிந்திய பொரி என்று நினைத்துத் தொட்டேன்.

அரிசி. ஈர அரிசி.

ஷட்டரை உடைப்பது போலத் தட்டினேன். தவசி அண்ணன் திறந்தார்.

"என்னப்பா, பேயறஞ்ச மாதிரி நிக்கிற?"

"உள்ள யாராச்சும் வந்தாங்களாண்ணே?"

"சாவி எங்கிட்டல்ல இருக்கு. எங்கிட்டுக்கூடி வருவாங்க?"

சாயங்காலம் அவரைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனேன். மற்ற நான்கு படங்களும் இல்லை. சிரித்த படம் மட்டும் இருந்தது. அதைப் பாண்டிச்செல்விக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "கிடைச்சிருச்சும்மா, நான்தான் சரியாப் பாக்கல" என்று எழுதினேன். பொய்க்கு மேல் இன்னொரு பொய். அவள் கும்பிடும் கை படம் ஒன்றை அனுப்பினாள். அதைப் பார்த்ததும் போனைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. அன்றைக்குப் பசுமலை வடையும் இறங்கவில்லை.

கருமாதிக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. வீட்டில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். பந்தலில் பெரிதாக்கிய படத்துக்கு மாலை போட்டுத் திறந்தார்கள். "அப்படியே உசுரோட இருக்காப்ல இருக்கே" என்று பெண்கள் அழுதார்கள். படம் கொடுத்த தம்பி என்று எனக்குத் துண்டு வேறு போட்டார்கள். கழுத்தில் பாம்பு கிடப்பது போல இருந்தது.

பாண்டிச்செல்வி என்னைத் தனியாகக் கொடிக்கால் வரப்புப் பக்கம் கூட்டிப் போனாள்.

"அண்ணே, கோவிச்சுக்கிறாதீங்க. ஸ்கேனுக்கு வந்தன்னைக்கு அம்மா கட்டியிருந்தது ஊதாச் சேலை. நான்தான் கட்டிவிட்டேன்."

நான் படத்தில் பார்த்தது மாம்பழ மஞ்சள்.

"படத்துல இருக்குறது எங்க மாமா கோடி எடுத்துட்டு வந்த சேலைண்ணே. அம்மாவைக் குளிப்பாட்டிக் கட்டி அனுப்புனது. உசுரோட இருக்கையில அம்மா அந்தச் சேலையப் பாத்ததே இல்ல."

கழுத்தில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டேன்.

"வாயோரத்துல இருந்தத ஸ்டுடியோக்காரரு சுண்ணாம்புன்னு அழிச்சுக் குடுத்தாரு. அது சுண்ணாம்பு இல்லண்ணே. நாங்க போட்ட வாய்க்கரிசி."

அதற்கு மேல் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நகல் எடுக்காதது, அழித்தது, அவளிடம் பொய் சொன்னது, அப்புறம் அந்த நாற்காலி. குனிந்த தலை நிமிரவில்லை. திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நின்றேன். அப்படித் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உச்சி வெயில்லயாண்ணே வந்துச்சு?"

"ஆமாம்மா."

"கடைசி ரெண்டு நாளும் அம்மாவுக்கு ஒன்னும் இறங்கல. தண்ணி தண்ணின்னே கேட்டுச்சு. குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அம்புட்டு தூரம் வந்திருக்கு. ஒரு வாய் தண்ணியாச்சும் குடுத்தீங்களாண்ணே?"

டக்... டக்...

அந்தச் சத்தம் எது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. வரவேற்பில் இருந்த தண்ணீர் கேன். காலையில் நான் ஒரு சொட்டு விடாமல் பிடித்துக்கொண்ட கேன். அதன் குழாயை யாரோ அழுத்தி அழுத்திப் பார்த்திருக்கிறார்கள். சுவருக்கு இந்தப்பக்கம், என் மேசையில், பாட்டில் நிறையத் தண்ணீர் இருந்தது.

"இல்லம்மா" என்றேன்.