அரவேணுவில் நான் வேண்டாமென்று சொன்ன இத்தாலியத் துப்பாக்கி

துப்பாக்கி வாங்க மலையேறிய கதை இது. கோயம்புத்தூரிலிருந்து கோத்தகிரிப் பக்கம் பழைய துப்பாக்கி பார்க்கப் போகிற எண்ணம் யாருக்காவது இருந்தால் முழுக்கப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

முதலில் காரணம். இருபது வருடமாகக் களிமண் தட்டு சுடுகிறேன். இயந்திரம் ஒரு தட்டை வீசும், அது பறந்துகொண்டிருக்கும்போதே சுட்டு உடைக்க வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. என்னிடம் இருப்பது இரண்டு குழலும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கிற பழைய டபுள் பேரல். மேலேறிப் போகிற தட்டுக்குக் குறி வைத்தால் அகலமான குழல் தட்டையே மறைத்துவிடும். மூன்று வருடமாக மாநிலப் போட்டியில் இரண்டு தட்டு, மூன்று தட்டு வித்தியாசத்தில் தேசியப் போட்டிக்கான தகுதியைக் கோட்டை விட்டிருக்கிறேன். எனக்கு ஐம்பத்து நான்கு முடிந்துவிட்டது. இந்த வருடமும் பழையதை வைத்துக்கொண்டு நின்றால் அடுத்த வருடம் போய் நிற்க எனக்கே வெட்கமாக இருக்கும்.

ஆகவே, ஒரு குழல் மேலே ஒரு குழல் கீழே இருக்கிற, தட்டு சுடுவதற்கென்றே செய்த துப்பாக்கி ஒன்று தேவைப்பட்டது. கடையில் நல்லதாக வாங்கினால் ஆறு லட்சத்துக்குக் குறையாது. அப்போதுதான் கிளப்பில் ஒருவர் சொன்னார், அரவேணுவில் ஒரு தேயிலைத் தோட்டக்காரர் இத்தாலியத் துப்பாக்கியை மூன்றரை லட்சத்துக்குத் தருகிறாராம். தேயிலை விலை படுத்துக் கிடக்கிற நேரம், மலையில் ஜீப்பும் நிலமும் விலைக்கு வருவது புதிதில்லை. ஆனாலும் ஆறு லட்சப் பொருளை மூன்றரைக்கு ஒருவன் தருகிறான் என்றால் எனக்குத் தூக்கம் வராது. பம்ப் கம்பெனியில் வார்ப்பு சரிபார்க்கிற வேலை எனக்கு. பளபளவென்று வருகிற வார்ப்பைத்தான் முதலில் தட்டிப் பார்ப்பேன்.

போட்டிக்கு எட்டு வாரம் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை காலை 5.40க்குக் கிளம்பினேன். உரிமம் கையில் இருந்தாலும் துப்பாக்கிப் பெட்டியோடு பேருந்தில் ஏறினால் ஊரே திரும்பிப் பார்க்கும். அதனால் வாடகைக் கார், போக வர 3,400 ரூபாய். ஒப்பிட்டுப் பார்க்க என் பழைய துப்பாக்கி, என் தோட்டாக்கள், ஒரு பெட்டி தட்டு, தட்டைக் கையால் வீசுகிற பிளாஸ்டிக் மட்டை, எல்லாம் என்னுடையவை. அங்கே போய் அவர்கள் பொருளை நம்புவானேன்?

டிரைவர் செல்வராஜ். 6.35க்கு மேட்டுப்பாளையம், நான்கு இட்லி ஒரு வடை ஒரு காபி 95 ரூபாய். அங்கிருந்து அரவேணு ஏறக்குறைய 27 கிலோமீட்டர், கோத்தகிரிக்குக் கொஞ்சம் முன்னால். குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் உரிமத்தைப் புரட்டிப் பார்க்கப் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. அதற்கு மேலே ஒரு வளைவில் செல்வராஜ் பேச்சை ஆரம்பித்தார்.

"அரவேணுல யார் ஊட்டுக்குங்க?"

"போஜன்னு ஒருத்தர்."

"ஓ, அவருங்களா. தங்கமான மனுசனுங்க. போன மாசங்கூட துப்பாக்கி பாக்கறதுக்குன்னு ஒருத்தரக் கூட்டியாந்தேன்."

வந்தவர் ஏன் வாங்காமல் போனார் என்று கேட்டேன். "அதெல்லாம் நமக்கெதுக்குங்க" என்றார். எனக்குப் போதும். தரகுக் காசு வாங்குகிற ஆள் இவர் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன். இதற்கு ஆதாரம் எதுவும் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

8.10க்குப் போய்ச் சேர்ந்தோம். போஜன் ஐம்பதை ஒட்டிய ஆள், ஸ்வெட்டரின் முழங்கை இரண்டும் தேய்ந்திருந்தன. வீட்டுக்குப் பின்னால் எட்டு ஏக்கர் தேயிலை, அதில் பாதியைக் கிளை வெட்டிக் கவாத்து செய்யாமல் விட்டிருந்ததால் செடிகள் மரமாக நின்றன. "இல வெல பறிக்கற கூலிக்கே பத்தலீங்க, அதுதான் அந்தப் பக்கம் அப்படியே உட்டுட்டேன்" என்றார். தேநீர் வந்தது. நன்றாகத்தான் இருந்தது. விற்கிறவன் வீட்டில் தேநீர் நன்றாக இருக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டே இரண்டாவது டம்ளரும் குடித்தேன்.

துப்பாக்கி அவருடைய அண்ணனுடையது. அண்ணன் தட்டு சுடுவதில் பெயரெடுத்தவராம், இறந்து நான்கு வருடம். வாரிசு முறையில் உரிமம் போஜன் பெயருக்கு மாறியிருக்கிறது. அவருக்குச் சுடத் தெரியாது.

"அண்ணி ஊட்டுக் கூர மொத்தமும் மாத்தணுமுங்க. மழைக்கு முன்னால முடிக்கோணும்" என்றார். விற்பதற்கு அவர் சொன்ன காரணம் இதுதான். எல்லா விற்பனையிலும் இப்படி ஒரு அண்ணி இருப்பார் என்று தோன்றியது எனக்கு.

பெட்டியைத் திறந்தார். பழைய துப்பாக்கி பார்க்கப் போகிறவர்களுக்காக நான் செய்ததை அப்படியே எழுதுகிறேன். குழல், நடுப்பகுதி, முன்கட்டை மூன்றிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. முன்கட்டையைக் கழற்றிவிட்டு உலுக்கினேன், ஆட்டம் இல்லை. குழலைத் தனியே தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டினேன். இரண்டு குழலையும் சேர்க்கிற பற்றவைப்பு எங்காவது விட்டிருந்தால் பொத்தென்று கேட்கும், இது கோயில் மணிபோல் ஒலித்தது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தேன், துருப்பள்ளம் ஒன்றுகூட இல்லை. தோளில் வைத்தால் கன்னம் தானாகப் போய்க் கட்டையில் உட்கார்ந்தது, எனக்கு அளவெடுத்துச் செய்தது மாதிரி. எல்லாம் சரியாக இருந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"சரிங்க, சுட்டுப் பாத்தரலாம்" என்றேன்.

போஜன் முகம் மாறியது. "இங்கீங்களா? இங்க வேண்டாமுங்க."

"ஏனுங்க?"

"அண்ணன் இத இங்க ஒரு நாளும் சுட்டதில்லீங்க. கோயமுத்தூருக்குக் கொண்டு போய்த்தான் சுடுவாரு. இது இந்த எடத்துக்கான துப்பாக்கி இல்லடான்னு சொல்லுவாரு. ஏன்னு நான் கேட்டுக்கிட்டதில்லீங்க. நீங்க ஒரு நாள் சொல்லுங்க, நானே உங்க கிளப்புக்கு எடுத்துட்டு வர்றேன். சுட்டுப் பாத்துப் புடிச்சா வாங்குங்க, இல்லாட்டி நான் திருப்பிக் கொண்டாந்தர்றேன்."

நேர்மையான ஏற்பாடு என்று இப்போது படிக்கிற உங்களுக்குத் தெரிகிறது. எனக்கு அன்று கேட்டதெல்லாம் "இங்க வேண்டாம்" என்ற ஒன்றுதான். சொந்த இடத்தில் சுட வேண்டாம் என்கிறவன் எதையோ மறைக்கிறான். சுட்டுப் பார்க்காமல் வாங்க மாட்டேன், இப்போதே இங்கேயே சுட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் செய்து தகவல் சொன்னார். பிறகு கீழே சரிவில் இறங்கி ஆளோ மாடோ காட்டெருமையோ இல்லை என்று உறுதி செய்துகொண்டு வர அரை மணி நேரம் ஆனது. அதையும் நேரம் கடத்துவதாகவே எடுத்துக்கொண்டேன்.

இலை எடை போடுகிற கொட்டகைக்கு முன்னால் ஒரு சமதளம். அதன் விளிம்பிலிருந்து தேயிலைச் சரிவு கீழே இறங்கிப் பள்ளத்தில் போய் முடிகிறது. யார் தட்டு வீசுவது? போஜன் வீசினால் ஏதாவது கைவேலை காட்டுவார். செல்வராஜ் மேலும் சந்தேகம்தான், ஆனால் அவருக்கு வாடகை நான் தர வேண்டியிருந்தது. அவரிடம் மட்டையைக் கொடுத்துப் பழக்கிவிட்டேன். ஆள் கெட்டிக்காரர், ஐந்தாவது தட்டிலேயே ஒரே சீராக வீச ஆரம்பித்துவிட்டார்.

முதலில் என் பழைய துப்பாக்கி. பத்துத் தட்டில் எட்டு உடைந்தது. அடுத்து இத்தாலியன், அதே ஆள், அதே வீச்சு, அதே தோட்டா. முதல் தட்டு உடையாமல் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. பத்தில் இரண்டுதான் உடைந்தது, அதிலும் ஒன்று ஓரத்தில் சும்மா கொஞ்சம் பொடிந்தது. சுடும்போதே எனக்குத் தெரிந்தது, ரவைகள் மொத்தமும் தட்டுக்கு மேலே போகின்றன.

உள்ளுக்குள் எனக்கு ஒரே குஷி. கண்டுபிடித்துவிட்டேன் அல்லவா? செல்வராஜை வைத்துக்கொண்டே போஜனிடம் சொன்னேன்.

"குழல் வளைஞ்சிருக்குங்க. அதுதான் மேல சுடுது. அதுக்குத்தான இங்க வேண்டாம்னீங்க?"

அவர் துப்பாக்கியை வாங்கி நீளவாக்கில் பிடித்துப் பார்த்தார். அவருக்கு அதில் என்ன தெரியும்?

"நெசமாலுமே வளைஞ்சிருக்குங்களா? எனக்குத் தெரியாதுங்க."

"இருவது வருசமாச் சுடறேன். எனக்குத் தெரியாதா? அடுத்து வர்றவங்களுக்காவது உள்ளதச் சொல்லி வில்லுங்க."

"சரிங்க" என்றார். நல்ல நடிப்பு என்று நினைத்தேன். சாப்பிட்டுப் போகச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். 11.20க்குக் கிளம்பி ஒன்றரைக்கெல்லாம் வீடு. வழியில் செல்வராஜ் ஒரு வார்த்தை பேசவில்லை, தரகு போன வருத்தம் என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தேன்.

மூன்று வாரம் கிளப்பில் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிப் பெருமையடித்தேன். நாலாவது வாரம்தான் ரஃபீக் பாய் கேட்டார். கிளப்பில் எனக்கு மூத்த துப்பாக்கிக்காரர், அதிகம் பேச மாட்டார்.

"மலைல தட்டு எப்படிப் போச்சு? ஏறிச்சா, எறங்கிச்சா?"

"எறங்கிச்சு" என்றேன். சொல்லும்போதே எனக்கு உறைத்துவிட்டது.

கிளப் மைதானத்தில் தட்டு தரையிலிருந்து மேலேறிப் போகும். அதற்கென்று செய்த துப்பாக்கி, குறிக்குக் கொஞ்சம் மேலே சுடும்படிதான் செய்திருப்பார்கள். தட்டைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அதற்குக் கீழே குறி வைக்கலாம், ரவை தானாக மேலே போய்த் தட்டைப் பிடிக்கும். நான் எந்த வசதிக்காகப் புதுத் துப்பாக்கி தேடிப் போனேனோ அதே வசதி. அரவேணுவில் தட்டு விளிம்பைத் தாண்டியதும் பள்ளத்தை நோக்கி இறங்கியது. இறங்குகிற தட்டுக்கு மேலே ரவை போகத்தானே செய்யும்? என் பழையது நேராகச் சுடுவது, அதனால் எட்டு உடைந்தது. குழல் வளையவில்லை. அந்த அண்ணன் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி. இது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை, கிளப்புக்கு வருகிற புதியவர்களுக்கு நானே சொல்லித் தருவதுதான். சந்தேகப்படுவதில் மும்முரமாக இருந்ததில் நினைவுக்கு வரவில்லை.

மலைக்குப் போகிறவர்களுக்கு என் யோசனை இவ்வளவுதான். காலை ஆறுக்குள் கிளம்புங்கள், ஒன்பதுக்கு மேல் வண்டி நெரிசல். உரிமத்தின் மூலப் பிரதியைக் கையில் வைத்திருங்கள். துப்பாக்கியை நீங்கள் எங்கே சுடப் போகிறீர்களோ அந்தத் தரையில் வைத்துச் சுட்டுப் பாருங்கள். உரிமக்காரரே கூட வருகிறேன் என்றால் வரச் சொல்லுங்கள்.

ரஃபீக் பாய் கேட்டதற்கு மறுநாள் காலையில் போஜனுக்குப் போன் செய்தேன்.

"பேசி முடிச்சுட்டனுங்க. மஞ்சூர்ல ஒரு கேரட் தோட்டக்காரரு. பன்னி வெரட்டறதுக்கு வேணுமுன்னாரு. பேப்பரெல்லாம் குடுத்தாச்சு."

"எவ்வளவுக்குங்க?"

"ஒரு லட்சத்துக்குங்க. கொழல் வளைஞ்சிருக்குதுன்னு மொதல்லயே சொல்லிப்போட்டேன், நீங்க சொன்னாப்புல. அதுக்கு மேல கேக்க வாய் வரலீங்க."

மூன்றரையும் நான் தருகிறேன், எப்படியாவது திருப்பி வாங்குங்கள் என்றேன். வாக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அதற்குப் பிறகுதான், தட்டு இறங்கிய கதையைத் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தேன். குழல் வளையவில்லை, தப்பு என்னுடையது, மன்னித்துவிடுங்கள் என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் கேட்டது இதுதான்.

"அப்ப அண்ணன் துப்பாக்கி நல்லாத்தான் இருந்துதுங்களா?"

"ரொம்ப நல்லா இருந்துதுங்க."

"போதுமுங்க. பீரோவுல இருந்து எடுக்கறப்ப ஒருக்கா கைதவறிக் கீழ போட்டுட்டேன். நாந்தான் வளைச்சுட்டனோன்னு ஒரு மாசமா ஊட்ல யாருகிட்டயும் சொல்லாம இருந்தனுங்க."