நான் நலம் என்ற பொத்தான்

என் இடது கையில் இருக்கும் கடிகாரம் என் மனைவியுடையது. அவள் போன பிறகு மகள் அதை என் கையில் மாட்டிவிட்டாள். பட்டையை நுனியில் இருக்கும் கடைசி ஓட்டைக்குத் தளர்த்தினால்தான் எனக்குச் சரியாக வரும். மற்ற ஓட்டைகளைச் சுற்றி ரப்பர் வெளுத்திருக்கிறது. ஒவ்வொரு மாதமும் அவள் ஓர் ஓட்டை உள்ளே தள்ளிப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். தினம் கூடவே இருந்த எனக்கு அது அப்போது கண்ணில் படவில்லை.

ஆவடியில் ராணுவத் தளவாடங்கள் செய்யும் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் வேலை பார்த்தவன் நான். மெஷினிலிருந்து வரும் பாகத்தில் கேஜ் என்ற அளவுக் கருவியை நுழைத்துப் பார்க்க வேண்டும். நுழைந்தால் முத்திரை, நுழையாவிட்டால் ஒதுக்கு. கல்யாணம் ஆன நாளிலிருந்து குவார்ட்டர்ஸிலேயே இருந்துவிட்டு, ஓய்வு பெற்றபின் நெமிலிச்சேரியில் மனை வாங்கி வீடு கட்டினோம். கருவி பொய் சொல்லாது, ஆனால் நாம் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்லும் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் பெரிய வாத்தியார் மாதிரி சொல்வேன். அப்படி வசனம் பேசியவன் தன் விஷயத்தில் கோட்டை விட்டதை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

முதலில் வந்தது கடிகாரம்கூட இல்லை. கறுப்பு ரப்பர் வளையம். அம்மாவுக்குச் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, நடக்க வேண்டும் என்று மகள் வாங்கிக் கொடுத்தாள். அதற்குத் தெரிந்த ஒரே வேலை, காலடிகளை எண்ணுவது. அதையும் கை அசைவை வைத்துத்தான் எண்ணும். என் மனைவி உட்கார்ந்த இடத்தில் சப்பாத்தி மாவு பிசைந்தால் அது நடை என்று கணக்கு வைத்துக்கொள்ளும். பட்டாபிராம் ரோட்டில் என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து காய்கறிச் சந்தைக்குப் போய்வந்தாலும் நடை ஏறும். ரோடு அந்த லட்சணம். அன்றைக்கெல்லாம் மகளுக்குப் போன் போட்டு, இன்று எவ்வளவு நடந்திருக்கிறேன் பார் என்று பெருமை அடித்துக்கொள்வாள். நான் காட்டிக்கொடுத்ததில்லை.

அதற்கப்புறம் இந்தக் கடிகாரம் வந்தது. அடியில் பச்சை விளக்கு மினுக்கி இதயத் துடிப்பைச் சொன்னது. பிறகு ஒவ்வொரு அப்டேட்டாக வர வர, அதற்குப் புதுப்புது வித்தை தெரிந்தது. ஒன்றில் தூக்கத்தை அளக்கக் கற்றுக்கொண்டது. கொரோனா சமயத்தில் வந்த ஒன்றில் ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று சொன்னது. அப்போது எங்கள் தெருவில் பாதிப் பேர் எங்கள் கேட்டுக்கு வெளியே நின்று கையை நீட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பம்; அவர்களுடைய நெல் வயல் இருந்த இடத்தில்தான் எங்கள் வீடே நிற்கிறது. அவர் முகக்கவசத்தை இறக்கிக்கொண்டு, "இன்னா அண்ணாத்தே சொல்லுது? நான் கீறேனா, இல்லியா?" என்று கேட்டார். என் மனைவி சிரித்த சிரிப்பில் அவளுடைய துடிப்பு எகிறி, கடிகாரம் அவளை எச்சரித்தது.

அப்டேட் வரும் நாள் எனக்குப் பிடிக்காது. சார்ஜரில் போட்டுவிட்டு நெடுநேரம் காத்திருக்க வேண்டும். முடிந்த பிறகு பார்த்தால் நேற்று இருந்த இடத்தில் இன்று எதுவும் இருக்காது. மணி பார்ப்பதற்கே உள்ளே தேட வேண்டிவரும். ஒரு அப்டேட்டில் தமிழும் வந்து சேர்ந்தது. யார் எழுதிய தமிழோ, "நகர்வதற்கான நேரம் இது" என்று அதிகாரி தோரணையில் உத்தரவு போடும். கொஞ்சம் நடந்தால் "சிறப்பான பணி" என்று பாராட்டும். பாத்திரம் துலக்கி முடித்ததும் என் மனைவி ரயில்வே அறிவிப்புக் குரலில் "சிறப்பான பணி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். நாற்பது வருஷமாக உங்கள் வாயிலிருந்து வராதது இதன் வாயிலிருந்து வந்துவிட்டது என்று என்னைக் குத்தவும் செய்வாள்.

அடுத்த அப்டேட்டில், கீழே விழுந்தால் கண்டுபிடிக்கும் வித்தை வந்தது. வீட்டில் வாஷிங் மெஷின் இருந்தாலும், பெட்ஷீட்டை அவள் அதில் போட மாட்டாள். பின்புறம் துவைக்கிற கல்லில் அடித்துத் துவைத்தால்தான் அவளுக்குத் திருப்தி. அப்டேட் ஆன மறுநாள் கல்லில் ஓங்கி ஒரு அடி அடித்ததும் கடிகாரம் அதிர்ந்து கத்த ஆரம்பித்தது. "நீங்கள் பலமாக விழுந்துவிட்டதாகத் தெரிகிறது" என்று எழுத்து வந்தது. அதற்குக் கீழே சிவப்பில் "உதவிக்கு அழை", பச்சையில் "நான் நலம்" என்று இரண்டு பொத்தான்கள். எதையும் அமுக்காவிட்டால் தானாகவே மகளைக் கூப்பிட்டுவிடும். அன்று அவள் அதற்குள் அமுக்கவில்லை. மகள் ஆபீஸிலிருந்து பதறிப்போய்ப் பேசினாள். துணி துவைப்பது என்றால் என்னவென்றே தெரியாத ஊரில் செய்த சாமான் போலிருக்கிறது.

அதை நிறுத்தி வைத்துவிடலாம் என்றேன். மகள் விடவில்லை. அதனால் பெட்ஷீட் துவைக்கும்போதெல்லாம் அது கத்தும், இவள் "நான் நலம்" அமுக்குவாள். ஈரக்கை பட்டால் அதற்கு உணர்ச்சி இருக்காது. ஆகவே குனிந்து மூக்கால் அமுக்குவாள். நான் அடுக்களை வாசலில் நின்று பார்த்துச் சிரித்திருக்கிறேன். அந்தக் காலத்தில் ஊருக்கு எழுதிய இன்லண்ட் கடிதங்களில் முதல் வரியாக "இங்கு யாவரும் நலம்" என்று போடுவோமே, காய்ச்சலில் படுத்துக்கொண்டு எழுதினாலும் போடுவோமே, அது மாதிரிதான் இதுவும்.

அவளுக்கு வந்தது வயிற்றில். தெரிந்தபோதே முற்றியிருந்தது. கடிகாரத்தில் இதயம் இருந்தது, மூச்சு இருந்தது, தூக்கம் இருந்தது, மன அழுத்தம்கூடப் புதிதாக வந்திருந்தது. வயிற்றுக்கு அதில் ஒன்றும் கிடையாது. கடைசி வாரம்வரை எல்லாம் பச்சையில்தான் காட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் எனக்குக் கோபமில்லை. அதனிடம் யாரும் வயிற்றைப் பற்றிக் கேட்கவில்லை.

அவள் இறந்த அன்று செய்ய வேண்டியதையெல்லாம் நான் ஒழுங்காகச் செய்தேன். ஐஸ் பெட்டிக்குச் சொன்னேன், ஷாமியானா ஆளிடம் எந்தப் பக்கம் கம்பம் நட வேண்டும் என்று காட்டினேன், வந்தவர்களுக்குக் காபி போயிற்றா என்று விசாரித்தேன். கண்ணீர் மட்டும் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் மனைவி குழாயடியில் யாரிடமோ, "அந்தாளு ஒரு சொட்டு கண்ணீரு உடல, பாத்தியா" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. உள்ளதைத்தானே சொன்னார்.

காரியம் முடிந்த பிறகு மகள் இந்தக் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் வானகரத்தில், பைபாஸை ஒட்டிய அடுக்குமாடியில் இருக்கிறாள். இதை நீங்கள் போட்டுக்கொண்டால் நான் அங்கிருந்தே பார்த்துக்கொள்வேன், எனக்கு நிம்மதியாக இருக்கும் என்றாள். பழைய தகவல்களை அழிக்கவா என்று கடிகாரம் கேட்டது. அவள் என்னைப் பார்த்தாள். அழி என்றேன். என் வயதைப் போட்டாள், எடையைப் போட்டாள், "ஆண்" என்று இருந்த இடத்தைத் தொட்டாள்.

முதலில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துகொண்டிருந்தாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. வேலை இருக்கிறது, பள்ளிக்கூடம் போகிற பெண் இருக்கிறது, போதாததற்கு அவள் போனில் தினமும் நான் பச்சையாக இருந்தேன். அவளும் இதே மாதிரி ஒரு கடிகாரம் கட்டியிருக்கிறாள். "அப்பா, என்னோடதவிட உங்களோடது நல்லா இருக்கு. தூக்கம் சூப்பர், ஸ்ட்ரெஸ் கம்மி" என்று போனில் சொல்லும்போது அவள் குரலில் உண்மையான சந்தோஷம் இருக்கும்.

உண்மை என்னவென்றால், நான் தூங்குவதே இல்லை. கண்ணைத் திறந்துகொண்டு அசையாமல் படுத்திருப்பேன். அசையாமல் கிடப்பவனை அது தூங்குபவன் என்று எழுதிக்கொள்ளும். பகலில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். அது அமைதி என்று எழுதிக்கொள்ளும். துக்கமாக இருந்தேனா என்றால், அதுவும் இல்லை. ஒன்றுமே இல்லை. சர்க்கரை போடாத காபியை முழுதாகக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவும்போதுதான் சர்க்கரை போடவில்லை என்பது நினைவுக்கு வரும். அவள் புகைப்படத்துக்கு மகள் மாலை போட்டு வைத்திருந்தாள். அது வாடினால் எடுத்துப் போடுவேன். அவ்வளவுதான்.

நாளாக நாளாக நானே கடிகாரத்தை நம்பத் தொடங்கினேன். குழாயடியில் அந்த அம்மாள் சொன்னதும் கடிகாரம் சொன்னதும் ஒத்துப்போனது. இத்தனை வருஷம் ஒருத்தியோடு வாழ்ந்தும் அவள் போனதில் எனக்கு எதுவும் ஆகவில்லை, நான் அப்படிப்பட்ட ஆள்தான் போலிருக்கிறது என்று முடிவுக்கு வந்தேன். அந்த முடிவும் என்னைப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை.

இதற்கு நடுவில் இன்னொரு அப்டேட் வந்தது. இப்போது அது என் மனதையும் விசாரிக்க ஆரம்பித்தது. "தற்போது எப்படி உணர்கிறீர்கள்?" என்று கேட்டு, அழுகிற முகத்திலிருந்து சிரிக்கிற முகம்வரை வரிசையாகக் காட்டும். நான் நடுவில் இருக்கும் முகத்தைத் தொடுவேன். "நடுநிலை" என்று வரும். பஞ்சாயத்து பண்ண வந்தவன் மாதிரி எல்லா நாளும் நடுநிலையிலேயே இருந்தேன்.

பெட்ஷீட்டை மட்டும் நான் மெஷினில் போடவில்லை. கல்லில் அடிப்பேன், கடிகாரம் கத்தும், குனிந்து மூக்கால் "நான் நலம்" அமுக்குவேன். பிழிவதுதான் கஷ்டம். அவள் இருந்தபோது ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொள்வோம். நான் முறுக்குகிற அதே பக்கமே அவளும் கூடச் சேர்ந்து சுற்றுவாள். துணி கயிறாகச் சுழலுமே தவிர ஒரு சொட்டு தண்ணீர் இறங்காது. எதிர்ப்பக்கம் முறுக்கு என்று எத்தனை தடவை சொன்னாலும் அடுத்த முறையும் அதே கதைதான். இப்போது ஒரு முனையைக் குழாயில் கட்டிவிட்டுத் தனியாக முறுக்கிக்கொண்டிருந்தேன். நன்றாகவே பிழிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் காலையில் கூப்பிட்டாள். பெண்ணுக்குப் பரீட்சை, இந்த வாரம் வர முடியாது, உங்கள் ரிப்போர்ட் பார்த்தேன், பிரமாதமாக இருக்கிறது என்றாள். சரி என்றேன். பின்பக்கம் போய்ப் பெட்ஷீட்டை நனைத்துச் சோப்புப் போட்டு, கல்லில் ஓங்கி அடித்தேன். கடிகாரம் அதிர்ந்தது. வழக்கம்போல் குனிந்தேன்.

மூக்கு படுவதற்கு முன்னால் அந்த இரண்டு சொற்களையும் படித்தேன். எத்தனையோ தடவை பார்த்ததுதான், ஆனால் அன்றுதான் படித்தேன். வேலையில் இருந்த காலம் முழுக்க, அளந்து பார்க்காத ஒரு பாகத்தின் மேலும் நான் முத்திரை குத்தியதில்லை. எவ்வளவோ நெருக்கியிருக்கிறார்கள், குத்தியதில்லை. இதில் மட்டும் பார்க்காமலே குத்திக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து கையைத் தொங்கவிட்டுவிட்டேன். அது கத்தி ஓய்ந்து, பிறகு மகளைக் கூப்பிட்டது.

எடுத்தவுடனே, விழுந்துவிட்டீர்களா என்று மகள் கேட்டாள். கையிலிருந்து வந்த குரல் தகரத்தில் பேசுவது போல இருந்தது. விழவில்லை, துணிதான் துவைக்கிறேன் என்றேன். அவள் மூச்சு விடுவது கேட்டது.

"அப்போ நலம்னு அமுக்க வேண்டியதுதானேப்பா. உசுரே போயிடுச்சு."

"அமுக்கல."

"ஏன்?"

"நான் நல்லா இல்லம்மா" என்றேன். "அதான் அமுக்கல."

இருங்க வரேன் என்று மட்டும் சொன்னாள்.

வெளிவட்டச் சாலை வழியாகத்தான் ஸ்கூட்டரில் வந்திருப்பாள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நேரே பின்பக்கம் வந்தாள். நான் கல்லில் உட்கார்ந்திருந்தேன். ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, அலசிப் போட்டிருந்த பெட்ஷீட்டின் ஒரு முனையை எடுத்து என்னிடம் கொடுத்தாள். மறுமுனையை அவள் பிடித்துக்கொண்டாள். நான் முறுக்கினேன். அவளும் முறுக்கினாள். துணி கயிறாகச் சுழன்றது. ஒரு சொட்டு தண்ணீர் இறங்கவில்லை.

எதிர்ப்பக்கம் முறுக்கு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்தச் சொல் வெளியே வரவில்லை. அதற்குப் பதிலாக வேறொரு சத்தம் வந்தது. என் தொண்டைக்குள் அப்படி ஒரு சத்தம் இருந்தது எனக்கே தெரியாது. பெட்ஷீட் நழுவி மண்ணில் விழுந்தது. மகள் வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். மதிலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அம்மாளின் தலை தெரிந்து மறைந்தது. நான் நிறுத்தவில்லை, நிறுத்தவும் முடியவில்லை.

நடுவில் கடிகாரம் ஒருமுறை அதிர்ந்தது. இத்தனை மாதத்தில் முதல்முறையாகச் சிவப்பு. "உங்கள் மன அழுத்தம் அதிகமாக உள்ளது. மூச்சுப் பயிற்சி செய்யலாமா?" என்று கேட்டிருந்தது. மகள் என் கையைத் திருப்பி அதைப் படித்தாள். அவள் கையும் ஈரம். என் மணிக்கட்டை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், குனிந்து, மூக்கால் "வேண்டாம்" என்பதை அமுக்கினாள்.