பார்த்தாலே மாறிவிடும் வால்வு

எனக்கு முதலில் தீங்கு செய்தவன் புரோகிராமர் சேவியர். ஸ்டோர்மேன் வேலையில், எது தப்பானாலும் முதலில் நம் முகத்தைத்தான் பார்ப்பார்கள். கப்பல் உதிரிப்பாக ஸ்டோரில் இருந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதுவே கேட்கும்

எண்பதுகளில், சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னாலிருந்த எங்கள் ஸ்டோருக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ஒவ்வொரு சாமானுக்கும் அதில் ஒரு பதிவு. எண்ணிக்கை, ரேக், துரு என்று பல விவரங்கள். சேவியர் எழுதிய புரோகிராம் காலையில் எல்லாப் பதிவுகளையும் நகல் எடுத்து வைக்கும். சாயங்காலம் ஒப்பிட்டு, எது மாறியது, மாற்றியது யார் என்று அச்சடிக்கும்.

நான் படித்தது நாலாம் வகுப்பு வரைதான். "எதைப் பார்க்கணும்னு அதுக்கு யார் சொல்றது, தம்பி?" என்று கேட்டேன். அவன் சிரித்தான்.

"யாரும் சொல்ல வேண்டாம்லா, அண்ணே. ஓடும்போதே ஒவ்வொரு பதிவையும் 'உங்கிட்ட என்னென்ன இருக்கு'ன்னு அதுவே கேட்டுக்கும்."

நாலு பக்கம்

முதல் வாரமே அச்சுத்தாள் நாலு பக்கம். வால்வு, பம்ப், கயிறு எல்லாவற்றுக்கும் எதிரே 'மாற்றம்', பக்கத்தில் என் பெயர். என்ன மாறியது என்று மட்டும் இல்லை. தாளில் இடம் போதவில்லை என்று சேவியர் அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டிருந்தான். நான் செய்ததெல்லாம், போனில் யாராவது கேட்டால் திரையில் பார்த்துப் பதில் சொன்னதுதான். என் விரல் எனக்குத் தெரியாமல் எதையாவது அமுக்குகிறதா? குவீன்ஸ்டவுன் வீட்டுக்கு பஸ்ஸில் போகும்போது விரல்களையே பார்த்துக்கொண்டு போனேன்.

மேனேஜர் ஹமீது ஸ்டோர் சாவியை வாங்கிக்கொண்டார். பதினெட்டு வருஷம் என் இடுப்பில் இருந்த சாவி.

"மாணிக்கம், நீங்க சும்மாதான் பார்த்தீங்கன்னா, உங்க பேரு ஏன் நாலு பக்கத்துக்கு வருது?"

சுத்தமான நாள்

மறுநாள் நான் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. போனில் கேட்டவர்களிடம் "தெரியாது" என்றேன். மூன்று பேர் திட்டிவிட்டு போனை வைத்தார்கள். சாயங்காலத் தாளில் என் பெயர் இல்லை. சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று புரியவில்லை. மேனேஜருக்குப் புரிந்துவிட்டது.

"பார்த்தீங்களா, நீங்க வேலை செய்யாத அன்னிக்கு ஒரு தப்பும் இல்ல!"

ஒரு போல்ட்

பொறுக்க முடியாமல் சேவியரைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். ஒரே ஒரு போல்ட்டின் பதிவைத் திறந்து பார்த்தேன், மூடினேன். "இப்ப ஒப்பிடு, எடுத்துவிட்ட கட்டத்தையும் சேர்த்து அடி" என்றேன். தாள் வந்தது. எண்ணிக்கை அதேதான், ரேக் அதேதான். மாறியது ஒன்றே: 'கடைசியாகப் பார்த்த நேரம்'.

அந்த விவரத்தை ஒவ்வொரு பதிவிலும் சேர்த்தவனே சேவியர்தான். யாரும் சொல்லாமலே எல்லாவற்றையும் கேட்கிற புரோகிராம், அதையும் கேட்டிருக்கிறது. நான் பார்த்த ஒவ்வொரு முறையும் நேரம் மாற, மாற்றம் என் தலையில் விழுந்திருக்கிறது. சேவியரின் காது சிவந்தது. அந்த ஒன்றை மட்டும் விட்டுவிடும்படி புரோகிராமைத் திருத்திவிட்டு எழுந்தான்.

"புரோகிராம் சரிதான், அண்ணே. நீங்க பார்த்ததும் ஒரு மாற்றம்தானே?"

சாவி மறுநாளே திரும்பி வந்தது. ஆனால் "தப்பு என்னுதுதான், அண்ணே" என்ற ஒரு வரி, சேவியர் வேலை மாறி ஊரின் மறுகோடியில் பாசிர் ரிஸ்ஸில் வீடும் வாங்கிக் குடியேறிவிட்ட பிறகும், அங்கிருந்து இங்கே வந்து சேரவில்லை.